பேர் மட்டும் போதுமாம்!

கேள்வி: அக்கா, எனக்கு வயது 39. பதினொரு வருடமாக எங்கள் தோட்டத்தில் சீட்டுப் பிடிக்கிறேன். கான் அடைத்துக்கொண்டாலும் மரண வீடு என்றாலும் ஆட்கள் முதலில் தட்டுவது என் கதவைத்தான். போன கிழமை ஒரு கட்சிக்காரர் வந்து, "அடுத்த மாநகர சபைத் தேர்தல் பட்டியலுக்குப் பொம்பிளைப் பேர் வேணும். கையெழுத்துப் போட்டா சரி, அலைச்சல் இல்ல" என்றார். இவரும் "பேர்தானே, குடுத்துட்டுப் போ" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. சிங்களமும் அரைகுறை. என்ன செய்யட்டும்?
ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை.

பதில்: தங்கச்சி, பதினொரு வருடம் ஊருக்கு ஓடித் திரிந்தவரிடம் வந்து கையெழுத்து மட்டும் கேட்டால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும்.

அவருடைய அவசரத்துக்குக் காரணம் இதுதான். உள்ளூராட்சி சபைகளில் நான்கில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்ற சட்டம் 2018 தேர்தலில் முதல் தடவையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நாடு முழுக்க நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் பெண்கள். இப்போது போதிய பெண்கள் இல்லாவிட்டால் வேட்புமனுவே தள்ளுபடி. ஆனால் சபையில் 60 வீதம் வட்டாரத்தில் வென்று வருகிறவர்கள், 40 வீதம் கட்சி எடுத்த வாக்குக்கு ஏற்பப் பட்டியலில் இருந்து. வட்டார வேட்பாளர்களில் பத்தில் ஒருவர் பெண்ணாக இருந்தால் போதும். பட்டியலில் பாதிப் பேர் வேண்டும். எங்களை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள் என்று சீட்டுக் கணக்குப் பார்க்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பட்டியலில் முதல் பேராக இருந்தாலும் ஆசனம் உங்களுக்கென்று இல்லை. வாக்கு எண்ணி முடிந்த பிறகு கட்சிச் செயலாளர் யார் பேரை அனுப்புகிறாரோ அவர்தான் உறுப்பினர். குலுக்காமலே நினைத்த ஆளுக்குச் சீட்டுக் காசைக் கொடுக்கிற மாதிரி. நீங்கள் அப்படி நடத்தினால் தோட்டம் சும்மா விடுமா? சிறிய கட்சி என்றால் பெண்களை அனுப்பும் கடமையில் இருந்து விலக்கும் உண்டு. வந்தவர் எந்தக் கட்சி என்பதையும் பாருங்கள்.

சில வருடத்துக்கு முன் ஒரு அலுவலாக, கொழும்புக்கு வெளியே ஒரு பெண் உறுப்பினருக்கு போன் எடுத்தேன். ஓர் ஆண் குரல். "மெம்பர் இருக்கிறாவா?" "குசினியில நிக்கிறா, விஷயத்த என்னட்ட சொல்லுங்க." பின்னால் குக்கர் விசிலடித்தது. சபையில் கொடுத்திருந்த நம்பரே கணவருடையது என்று பிறகுதான் தெரிந்தது. எல்லோரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். அதே சபையில் பட்டியலில் வந்த இன்னொரு பெண், சந்தைக் கழிப்பறைக்கு உள்பக்கக் கொண்டி போடச் சொல்லி ஏழு கூட்டம் எழும்பி நின்று, போட வைத்தார். அவ்வளவு காலமும் அந்தக் கொண்டி இல்லாதது எந்த ஆண் மெம்பரின் கண்ணிலும் படவில்லை!

ஆகவே வட்டாரத்தைக் கேளுங்கள். உங்கள் கதவைத் தட்டுகிறவர்கள்தான் உங்கள் வாக்கு. தோற்றாலும் எத்தனை பேர் போட்டார்கள் என்ற கணக்கு கையில் இருக்கும். பட்டியல்தான் தருவோம் என்றால், ஆசனம் வந்தால் அது எனக்கா, நான்கு வருடமும் எனக்கா, இடையில் விலகச் சொல்வீர்களா என்று செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாள் சட்டத்தில் நிற்குமோ என்னவோ, கேட்கும்போது அவர் முகம் போகிற போக்கில் பாதிப் பதில் கிடைத்துவிடும். திகதி போடாத இராஜினாமாக் கடிதம் எதிலும் கைவைக்காதீர்கள்.

சிங்களம்? கான் அடைத்த நாட்களில் மாநகர சபை ஆட்களோடு எதில் பேசினீர்கள்? அதிலேயே தொடங்குங்கள். 1932 இல் கணவரின் தேர்தல் செல்லாது என்றானதும் இடைத்தேர்தலில் நின்று, நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண் அந்தக் காலச் சட்டமன்றமான அரசாங்க சபைக்குப் போனார். தொகுதி எது தெரியுமா? கொழும்பு வடக்கு, உங்கள் பக்கம்தான். கொழும்பு மேயர் நாற்காலியிலும் 2018 இல் ரோசி சேனாநாயக்க, 2025 இல் விராய் கெலி பல்தசார் என்று பெண்கள் அமர்ந்துவிட்டார்கள். மேடையில் 1960 இல் சிறிமாவோ உலகின் முதல் பெண் பிரதமரான கதையைச் சொல்லிப் பெருமைப்படுவோம். 2024 இல் தெரிவான பாராளுமன்றத்திலோ 225 பேரில் பெண்கள் 22.

அப்புறம், "பேர்தானே" என்ற உங்கள் இவரிடம், கூட்டம் இருக்கிற நாளில் சோறு யார் வைப்பது என்று இப்போதே பேசி வையுங்கள். போன் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

கட்சிக்காரர் மறுபடி வந்தால் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, வட்டாரத்தின் பேரைச் சொல்லிக் கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.