பியூ சக்கரம் உரிவது போலிச் சரக்காலா?

வணக்கம் அண்ணே. முறுக்குப் பட்டறைத் தள்ளுவண்டியின் சிவப்பு பியூ (பாலியூரித்தேன் என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக்) சக்கரம் பத்தே மாதத்தில் பிசுபிசுத்து உரிந்துவிட்டது, கடைக்காரர் போலியைத் தள்ளிவிட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சக்கரம் விற்கிறவன். உடனே போலி என்று சொல்லிவிட மாட்டேன்.

பியூவில் இரண்டு வகை உண்டு. பாலியெஸ்டர் வகை தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் ஈரமும் சூடும் சேர்ந்தால் உள்ளுக்குள்ளேயே சிதையும். நீங்களோ தினமும் சுடுநீர் ஊற்றித் தரை கழுவுகிறீர்கள். நம் ஊர்ப் புழுக்கம் வேறு. நகத்தால் கீறிப் பாருங்கள், ஊறிய ரொட்டி மாதிரி பெயர்ந்தால் அதேதான். என் ஸ்டோரில் பெட்டிக்குள் நெடுநாள் கிடந்த புதுச் சக்கரமே அப்படி உதிர்ந்திருக்கிறது, நஷ்டம் என் தலையில். இன்னொரு வகையான பாலியீதர் ஈரத்தைத் தாங்கும், அடுத்த முறை அதைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் எடை. வண்டி 40 கிலோ, மாவு 350 கிலோ, மொத்தம் 390. அதை நாலால் வகுத்து 100 கிலோ சக்கரம் போட்டிருக்கிறீர்கள். மூன்றால் வகுக்க வேண்டும். தரை கொஞ்சம் மேடுபள்ளமானாலும் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும், மற்ற மூன்றும் ஆளுக்கு 130 கிலோ சுமக்கும். 150 கிலோ தாங்குவதாகப் போடுங்கள்.

நைலான் சக்கரம்? லேசாக உருளும், சரி. ஆனால் டைல்ஸ் விரிசல் விடும், சத்தமோ காதைக் கிழிக்கும்.

4 அங்குலச் சக்கரத்துக்குப் பதில் 5 அங்குலம் போட்டால் வாசல் மேட்டில் சுலபமாக ஏறும். வண்டி கொஞ்சம் உயரும், மேசைக்கடியில் நுழையுமா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.