'காஸ்' நம்ம காசுதானா? மொரீஷியஸ் நண்பர்களின் சொல் சந்தேகங்களுக்குப் பதில்கள்

கிரியோல் (பிரெஞ்சிலிருந்து இங்கே பிறந்த பேச்சுமொழி), பிரெஞ்சு, வட இந்தியாவிலிருந்து வந்த போஜ்புரி, ஆங்கிலம், தமிழ் என்று ஒரே நாளில் ஐந்து மொழிகள் காதில் விழுகிற தீவு நம்முடையது. ஒன்றைப் போலவே இன்னொன்று ஒலித்தால் 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேட்கத் தோன்றுவது இயல்பு. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

போர்ட் லூயிஸ் கடைக்காரர்: ஐயா வணக்கம். கடையில் கிரியோலில் 'காஸ்' என்கிறோம், வீட்டில் 'காசு' என்கிறோம். இது நம்மிடமிருந்து போன சொல்தானே?

வணக்கம். உங்களுக்குத் தோன்றுவது நியாயம்தான், ஆனால் வழி வேறு. கிரியோலில் 'ஷ' ஒலி 'ஸ' ஆகிவிடும். பூனையைப் பிரெஞ்சில் 'ஷா' என்பார்கள், நாம் கிரியோலில் 'சாத்' என்கிறோம் அல்லவா? அதே மாதிரி ஆங்கிலத்து 'கேஷ்' இங்கே 'காஸ்' ஆனது. அந்த 'கேஷ்' பிரெஞ்சின் 'கேஸ்', இத்தாலியின் 'காஸா' ஆகியவற்றின் வழி வந்தது. மூலம் லத்தீனின் 'காப்ஸா', அதாவது பெட்டி. பணம் வைத்த பெட்டியின் பெயர் பணத்துக்கே வந்துவிட்டது.

இதில் ஒரு சுவாரசியம் உண்டு. ஆங்கில அகராதியில் 'கேஷ்' என்று இன்னொரு சொல்லும் இருக்கிறது. நடுவில் ஓட்டை போட்ட சீன நாணயம் போன்ற சில்லறைக் காசுகளுக்கு அந்தப் பெயர். அது சாட்சாத் நம்ம காசு! போர்த்துகீசியர் தமிழ்நாட்டுக் கரையில் 'காசு' என்று கேட்டு, தங்கள் மொழியில் பெட்டியைக் குறிக்கும் 'காய்ஷா' என்ற சொல்லைப் போலவே அதை எழுதிக்கொண்டார்கள். ஆங்கிலேயர் அதிலிருந்து எடுத்தார்கள். ஒரே எழுத்து, ஒரே ஒலி, இரண்டு தாய். பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியிலும் 'காஷ்' என்ற நாணயம் இருந்தது, அதுவும் நம்முடையதுதான். சோழர் கல்வெட்டுகளிலேயே காசு நிறைய வருகிறது. அதனால் பெட்டிக்கும் அதற்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை.

காத்ர் போர்ன் மாணவி: போஜ்புரியில் 'ஆட்', ஆங்கிலத்தில் 'எய்ட்', தமிழில் 'எட்டு'. மூன்றும் ஒரே சொல்தானே ஐயா?

முதல் இரண்டும் உறவு, மூன்றாவது இல்லையம்மா. எட்டைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள்: எண்பது, எண்ணூறு, எண்திசை. உள்ளே இருப்பது 'எண்'. கன்னடத்தில் இன்றும் 'எண்டு', தெலுங்கில் 'எனிமிதி'. அந்த ணகரம்தான் அடையாளம். தமிழ் எட்டில் அது டகரத்தோடு சேர்ந்து மறைந்துவிட்டது.

போஜ்புரி 'ஆட்' சமஸ்கிருத 'அஷ்ட'விலிருந்து வந்தது. லத்தீனில் 'ஒக்தோ', பிரெஞ்சில் 'உயித்', நம் கிரியோலில் 'வித்'. இவை உறவு என்று எப்படிச் சொல்கிறோம்? பக்கத்தில் 'இரவு' என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் நைட்–எய்ட், பிரெஞ்சில் நுயி–உயித், ஜெர்மனில் நாக்ட்–ஆக்ட், இத்தாலியில் நொத்தே–ஒத்தோ. எட்டு எப்படி மாறியதோ அப்படியே இரவும் மாறியிருக்கிறது. இந்த ஒழுங்குதான் உறவுக்குச் சாட்சி. நம் 'எட்டு' இந்த வரிசையில் சேரவே சேராது.

ரோஸ் ஹில் நண்பர்: அம்மாவைக் கிரியோலில் 'மாமா', பிரெஞ்சில் 'மாமோன்', தமிழில் 'அம்மா' என்கிறோம்: இதுவாவது தமிழிலிருந்து போனதா?

இல்லை. உதடு மூடித் திறந்தால் வருகிற ஒலி 'மா', குழந்தை முதலில் எட்டிப் பிடிப்பதும் அதைத்தான். அதனால் தொடர்பே இல்லாத மொழிகளிலும் அது இருக்கிறது. ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா, 'தேதா' என்றால் அம்மா!

க்யூர்பீப் தமிழ் ஆசிரியை: எல்லா மொழியும் தமிழிலிருந்து வந்ததுதான் என்று பிள்ளைகள் காணொளி பார்த்துவிட்டு வந்து சொல்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

அந்தப் பெருமிதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தவறான சான்றை வைத்தால் நல்ல சான்றையும் நம்ப மாட்டார்கள். அதனால் பிள்ளைகளுக்கு இஞ்சியைக் காட்டுங்கள். பிரெஞ்சில் 'ஜேன்ஜாம்ப்ர்', ஆங்கிலத்தில் 'ஜிஞ்சர்', லத்தீனில் 'ஸிங்கிபெர்', கிரேக்கத்தில் 'ஸிங்கிபெரிஸ்', பழைய இந்திய மொழியான பாலியில் 'சிங்கிவேர'. இதற்கு மேல் போனால் இஞ்சி, வேர் என்ற இரண்டு திராவிடச் சொற்களில் போய் நிற்கிறோம். முன்னால் அந்தச் சகரம் எப்படி என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். சிறகு–இறகு என்று நம்மிடம் இரண்டும் உண்டே? பழைய திராவிடச் சகரம் சில சொற்களில் தமிழில் விழுந்துவிட்டது. வெளியே போன சொல் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. எனக்கு இதைவிட அழகான சான்று தெரியாது.

மாம்பழத்தைக் குறிக்கும் 'மாங்' கூட அப்படித்தான்: மாங்காய், மலையாள 'மாங்ங', போர்த்துகீசிய 'மாங்கா', பிரெஞ்சு 'மாங்'.

ட்ரியோலே விவசாயி: கிரியோலில் கரும்பு 'கன்'. இலக்கியத் தமிழில் 'கன்னல்' என்றாலும் கரும்புதான். இது தற்செயலா?

ரொம்ப நல்ல கேள்வி அண்ணா. ஆசை காட்டி ஏமாற்றுகிற ஜோடி இது. 'கன்' பிரெஞ்சு 'கான்', லத்தீன் 'கன்னா', கிரேக்கம் வழியாகப் பழைய மெசொப்பொத்தேமிய மொழியான அக்காடியத்தின் 'கனு'வரை போகிறது. அங்கே பொருள் நாணல், கரும்பு இல்லை. அந்த வழியில் எங்கும் தமிழ் குறுக்கிடவில்லை. கரும்பே இந்தத் தீவுக்கு 1639இல் டச்சுக்காரர் ஜாவாவிலிருந்து கொண்டுவந்ததுதான்.

கரும்பில் உண்மையான உறவு வேண்டுமென்றால் அதிலிருந்து வருகிற சர்க்கரையைப் பாருங்கள். அதைக் கிரியோலில் 'திசிக்' என்கிறோம். பிரெஞ்சில் 'து சுக்ர்' என்று சேர்த்துச் சொன்னது ஒரே சொல்லாகிவிட்டது. அந்த 'சுக்ர்' அரபி 'சுக்கர்', பாரசீக 'ஷக்கர்' வழியாகச் சமஸ்கிருத 'சர்க்கரா'வுக்குப் போகிறது. பொருள் பொடிக்கல், பருமணல். நம் சர்க்கரையும் அங்கிருந்துதான். திசிக்கும் சர்க்கரையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று பார்த்தால் தெரியுமா?

வக்கோவா இல்லத்தரசி: தமிழில் சாவி, கிரியோலில் அதையே 'லாக்லே' என்கிறோம். இரண்டுக்கும் ஏதாவது தொடர்பு?

உண்டு! இரண்டும் லத்தீன் 'கிளாவிஸ்'. போர்த்துகீசியத்தில் 'ஷாவெ' ஆகி நமக்குச் சாவி, பிரெஞ்சில் 'கிளே' ஆகிக் கிரியோலுக்கு லாக்லே.

அதே அம்மா: முருங்கைக்கீரையைக் கிரியோலில் 'ப்ரெத் முரூம்' என்கிறோமே, அது?

முரூம் நம் முருங்கை, சந்தேகமே வேண்டாம். ப்ரெத் மட்டும் போர்த்துகீசிய 'ப்ரேதோ'. அதுவும் கீரைதான்.