மறு: மேலாளர் 'லக்கி பாஸ்டர்ட்' என்றார், புகார் செய்யலாமா?

நண்பரே, நீண்ட விடுப்பு கிடைத்ததும் மெல்போர்ன் மேலாளர் எல்லார் முன்னாலும் உங்களை 'லக்கி பாஸ்டர்ட்' என்று சிரித்தபடி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குச் சுருக்கென்று தைத்ததில் வியப்பே இல்லை. நம் காதுக்கு அது அம்மாவை இழுக்கிற வசவு. ஆனால் ஆஸ்திரேலியாவில் 'லக்கி', 'புவர்' மாதிரி ஒரு சொல் முன்னால் வந்து, முகத்தில் சிரிப்பும் இருந்தால், அது பெரும்பாலும் நெருக்கத்தில் வரும் பேச்சு. அதையே கோபமாக, 'யூ பாஸ்டர்ட்' என்று சொன்னால் அங்கேயும் வசவுதான். அதனால் இப்போதைக்குப் புகார் வேண்டாம்.

'பிளடி' என்கிற வசவுச் சொல்லும் இப்படித்தான். 2006-இல் ஆஸ்திரேலிய சுற்றுலாத் துறை 'வேர் த பிளடி ஹெல் ஆர் யூ?' (எங்கேதான் போய்த் தொலைந்தீர்கள்?) என்று கேட்டு விளம்பரமே எடுத்தது. பிரிட்டன் தொலைக்காட்சியில் அதற்கு முதலில் தடை, அப்புறம்தான் அனுமதி.

ஒன்று மட்டும் கவனம்: பதிலுக்கு நீங்களும் அந்தச் சொல்லை எடுத்துவிடாதீர்கள், அதுவும் அமெரிக்க வாடிக்கையாளர் இணைப்பில் இருக்கும்போது; அவர் காதுக்கு அது வசவாகவே கேட்கலாம். மனசு ஆறவில்லை என்றால் அவரிடம் தனியாக, 'எங்கள் ஊரில் இது கடுமையான சொல்' என்று சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் தயங்காமல் புகார் கொடுங்கள்.