இரைப்பையில் விழுந்த ஓட்டையைத் தையல் போடாமல் க்ளிப்பால் மூடினால் பிரிந்துவிடாதா?

கேள்வியைப் பார்த்தால், உங்கள் வீட்டில் யாருக்கோ வாய் வழியாக ஸ்கோப் (கேமரா பொருத்திய வளையும் குழாய்) விட்டு இரைப்பைக் கட்டியை எடுத்திருக்கிறார்கள், வயிற்றில் தையல் எதுவும் இல்லை, பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் வெள்ளையாகச் சில உலோகத் துண்டுகள் தெரிந்ததும் நீங்கள் பயந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் மருத்துவர் அல்லன். எண்டோஸ்கோபி அறையில் மருத்துவருக்குப் பக்கத்தில் நின்று அந்தக் க்ளிப்புகளை விரித்தும் மூடியும் கொடுக்கும் டெக்னீஷியன். டெக்னீஷியனுக்கு இதில் என்ன தெரியும் என்று பின்னூட்டத்தில் வருபவர்களுக்கு முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஸ்கோப்பைப் பிடித்திருப்பது மருத்துவரின் கை, க்ளிப்பின் வாய் மூடுவது எங்கள் கையில்.

சரியாகப் போட்டிருந்தால் பெரும்பாலும் பிரியாது. ஆனால் உங்களுக்கு வந்த சந்தேகம் மிகப் பெரிய நிபுணர்களுக்கும் வந்ததுதான். 2004-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஆன்டனி கல்லூவும் உடன் பணியாற்றியவர்களும், பன்றிகளின் இரைப்பையைத் துளைத்து, அதன் வழியே வயிற்றறைக்குள் ஸ்கோப்பைச் செலுத்திக் காட்டினார்கள். அதே காலகட்டத்தில் ஹைதராபாத்தில் மருத்துவர்கள் நாகேஸ்வர ரெட்டியும் ஜி.வி. ராவும் ஒரு மனிதருக்கு இரைப்பை வழியாகவே குடல்வாலை அகற்றி உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தார்கள். இனி வயிற்றில் தழும்பே இருக்காது என்ற பேச்சு அப்போது பலமாக இருந்தது. ஆனால் 2006-இல் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று, இந்த முறைக்கு எதிரே நிற்கும் தடைகளைப் பட்டியலிட்டபோது, இரைப்பைத் துளையை நம்பகமாக மூடுவது அதில் முக்கியமான இடத்தைப் பிடித்தது. பித்தப்பையையும் குடல்வாலையும் இன்றும் வயிற்றில் சிறு துளைகள் போட்டு லேப்ராஸ்கோப்பில்தான் எடுக்கிறார்கள் என்றால், அதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று இந்த ஓட்டைதான். நோயே இல்லாத இரைப்பையை வேண்டுமென்றே துளைத்துவிட்டு, அது கசிந்தால் யார் பதில் சொல்வது?

மூடுவதில் உள்ள சிரமம் என்னவென்றால், இரைப்பையின் சுவர் நான்கு அடுக்குகளால் ஆனது. உள்ளே சளிச்சவ்வு, அதன் கீழே உறுதியான ஓர் இணைப்பு அடுக்கு, பிறகு தசை, எல்லாவற்றுக்கும் வெளியே மெல்லிய உறை. வெளியுறையும் வெளியுறையும் முகத்தோடு முகம் சேர்ந்தால் விரைவில் ஒட்டிக்கொள்ளும் என்பதை லம்பேர் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் 1826-லேயே காட்டிவிட்டார். வயிற்றைத் திறந்து தைப்பவர்கள் ஓரங்களை உள்நோக்கி மடித்துத் தைப்பது அதனால்தான். நாங்களோ உள்ளேயிருந்து வேலை செய்கிறோம். வழக்கமாகப் பயன்படும் க்ளிப், ஸ்கோப்பில் உள்ள 2.8 மி.மீ. பாதை வழியாகப் போக வேண்டும். விரிந்தால் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலே வரும். அது முதலில் இரத்தக் கசிவை நிறுத்துவதற்காக வந்த கருவி என்பதால், பெரும்பாலும் சளிச்சவ்வையும் அடுத்த அடுக்கையும் மட்டுமே கவ்வும், தசையைப் பிடிக்காது. ஸ்கோப்பின் முனையில் தொப்பிபோல மாட்டி, சுவரை உறிஞ்சி உள்ளிழுத்து, முழுத் தடிமனையும் கடித்துப் பிடிக்கும், நிட்டினால் என்ற உலோகக் கலவையில் செய்த க்ளிப் பிறகு வந்தது. ஸ்கோப் வழியாகவே ஊசி நூல் கொண்டு தைக்கும் கருவியும் இருக்கிறது. அதன் விலையைக் கேட்டால் பல மருத்துவமனைகள் பின்வாங்கிவிடும்.

நான் உடன் இருந்த ஒன்றைச் சொல்கிறேன். நடுத்தர வயதுக்காரர், இரைப்பையின் மேற்பகுதியில், தசை அடுக்கிலிருந்து கிளம்பிய கட்டி. அதைச் சுவரோடு சேர்த்துத்தான் வெட்டி எடுக்க முடியும் என்பது முன்பே தெரியும். வெட்டி முடித்ததும் திரையில் ஓட்டைக்கு அப்பால் மஞ்சள் நிறத்தில் வயிற்றறைக் கொழுப்பு தெரிந்தது. நாங்கள் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு ஓட்டை வழியாக வெளியேறியதால் இரைப்பை சுருங்கிப் பார்வை மறைய, வெளியே நோயாளியின் வயிறோ மத்தளம் மாதிரி விம்மிக்கொண்டிருந்தது. மருத்துவர் விலாவுக்குக் கீழே ஓர் ஊசியைக் குத்தி, அதன்மேல் தண்டு எடுத்த சிரிஞ்சைப் பொருத்தி அதில் சலைன் ஊற்றினார். வாயு குமிழ் குமிழாக வெளியேறத் தொடங்கியதும் மயக்க மருந்து நிபுணரின் முகம் தெளிந்தது.

பிறகு இரண்டு பாதைகள் உள்ள ஸ்கோப்பை விட்டார்கள். ஒரு பாதையில் நைலான் வளையம், இன்னொன்றில் க்ளிப். ஓட்டையின் விளிம்பைச் சுற்றி அந்த வளையத்தை க்ளிப்பால் ஒவ்வோர் இடமாகப் பொருத்திக்கொண்டே வர வேண்டும். "ஓப்பன்", "கொஞ்சம் திருப்பு", "க்ளோஸ்", "விடு" என்று மருத்துவர் சொல்லச் சொல்ல நான் செய்துகொண்டிருந்தேன். விளிம்பு முழுதும் பொருத்தியதும், சுருக்குப் பையின் கயிற்றை இழுப்பதுபோல வளையத்தை இறுக்குவது என் வேலை. அதிகம் இழுத்தால் நைலான் திசுவை அறுத்துவிடும், குறைவாக இழுத்தால் இடைவெளி நின்றுவிடும். அந்த அளவைக் கைப்பிடியில் விரல் உணரும் இழுவையை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும், அதை எந்தத் திரையும் காட்டாது. வளையம் இறுகியபின் மருத்துவர் மறுபடி வாயுவைச் செலுத்த, இரைப்பை விரிந்து அப்படியே நின்றது. அடைப்பு பிடித்துவிட்டது என்பதற்கு எங்களுக்கு அதைவிட நல்ல அறிகுறி கிடையாது. மறுநாள் மருந்து குடிக்கவைத்து எடுத்த படத்திலும் கசிவு இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்றும் எனக்கு ஆறவில்லை. காப்பீட்டுத் தரப்பினர் அந்தக் க்ளிப்புகளையும் வளையத்தையும் கையுறை, பஞ்சு வகையறாவோடு சேர்த்து ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருள் என்று பில்லிலிருந்து கழித்துவிட்டார்கள். வயிற்றைத் திறந்து தைத்திருந்தால் மறுபேச்சில்லாமல் பணம் வந்திருக்கும். அந்த வீட்டுப் பெண்மணி பில்லோடு என்னிடம் வந்து, "ஏன் தம்பி, இத்தனை க்ளிப் போட்டீங்களா, இல்ல சும்மா எழுதிட்டாங்களா?" என்று கேட்டார். படங்களை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். மருத்துவமனைகள் எல்லாம் யோக்கியம் என்று நான் வாதாட வரவில்லை, பில்லைக் கேள்வி கேட்பது உங்கள் உரிமை. ஆனால் ஓட்டையை அடைத்த பொருளைக் கையுறையோடு சேர்த்துக் கணக்கு பார்ப்பது எந்த நியாயம்?

உங்கள் கேள்விக்கு மீதிப் பதில் இது. க்ளிப் நிரந்தரமாகத் தாங்க வேண்டியதில்லை. திசு ஒட்டிக்கொள்ளும்வரை பிடித்தால் போதும். சாதாரண க்ளிப்புகள் சில வாரங்களில் தாமாகக் கழன்று மலத்தோடு போய்விடும், முனையில் மாட்டும் பெரிய க்ளிப் நெடுநாள் தங்கலாம். ஆகவே எக்ஸ்ரேயில் அவை தெரிவது கெடுதலுக்கு அறிகுறி ஆகாது. அதற்காக, கஞ்சி குடிக்கச் சொன்ன நாட்களில் நீங்களாகவே பிரியாணிக்குத் தாவ வேண்டாம். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, நாடித்துடிப்பு ஏறுவது ஆகியவற்றில் எது வந்தாலும் இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் உள்ளே க்ளிப் இருப்பதை அங்கே முதலிலேயே சொல்லிவிடுங்கள். எல்லா க்ளிப்பும் அந்த இயந்திரத்துக்கு ஒத்துவராது. அதனால் எந்த வகை க்ளிப், எத்தனை போட்டார்கள் என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.