பழைய இரட்டை சிலிண்டர்: கழுத்தில் காற்றுக் கசிவு

முக்குளிக்கும்போது சுவாசிக்கப் பயன்படும் இரட்டைக் காற்று சிலிண்டரில், டெஃப்லான் டேப் சுற்றியும் கழுத்தில் கசிகிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்த டேப்பைப் பிரித்து எடுத்துவிடுங்கள். உங்கள் 1960களின் அமெரிக்க எஃகு 72 ஜோடியில் (72 என்பது கன அடியில் காற்றுக் கொள்ளளவு), மேனிஃபோல்டு, அதாவது இரு சிலிண்டரையும் இணைக்கும் குழாய், கழுத்தில் இறங்கும் மரை முக்கால் இன்ச் நேர்மரை என்கிறீர்கள். அதில் காற்றை அடைப்பது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் மட்டுமே. எத்தனை சுற்று டெஃப்லான் சுற்றினாலும் கசிவு நிற்காது.

புது ஓ-ரிங் போட்டும் கசிகிறது என்றால், ரிங் உட்காரும் சரிவில் துருக்குழி இருக்கலாம். என் சந்தேகம் அதன் மேல்தான். டார்ச் அடித்து, நகத்தால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். நகம் ஒரு இடத்தில் மாட்டினாலும் காற்றுக்கு அந்த வழி போதும்.

1. இரண்டு சிலிண்டரையும் முழுக்கக் காலி செய்த பிறகே எதையும் கழற்றுங்கள்.
2. 214 அளவு ஓ-ரிங், சிலிக்கோன் கிரீஸ் மெல்லிய பூச்சாக.
3. சிலிண்டர்களைச் சேர்த்துப் பிடிக்கும் பட்டையைத் தளர்த்திவிட்டு மேனிஃபோல்டை இறுக்குங்கள். இல்லையென்றால் அது கோணலாக உட்காரும்.
4. கொஞ்சமாகக் காற்றடைத்து, சோப்புத் தண்ணீர் தடவுங்கள்.

அரை இன்ச் கூம்பு மரை (போகப் போக ஒடுங்கும் மரை) வேறு கதை, அங்கே டேப் வேண்டும். அப்புறம், குழி ஆழமாக இருந்தால் நீங்களே உரசாதீர்கள். சிலிண்டர் பரிசோதகரிடம் காட்டுங்கள். ஐந்தாண்டு நீரழுத்தச் சோதனை முத்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள்.