சேதராப்பட்டு நண்பருக்கு

நண்பரே, வர்ற வாரம் ஒன்பது பேரை வேலையை விட்டு அனுப்பணும், பட்டியல் கைக்கு வந்ததுலேர்ந்து தூக்கமே இல்லைன்னு எழுதியிருக்கீங்க. அது உங்க பலவீனம் இல்லை. முடிவு மேலிடத்தோடது, முகத்தைப் பார்த்துச் சொல்றது மட்டும் நீங்க. நெஞ்சை அழுத்துறது அதுதான். புதுச்சேரி சின்ன ஊர் வேற. நாளைக்கே பெரிய மார்க்கெட்டுல எதிர்ல வருவாங்க.

தனித்தனியா உட்கார வச்சு, சுத்தி வளைக்காம முதல்லயே சொல்லிடுங்க. "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு"ன்னு மட்டும் அவங்ககிட்ட சொல்லாதீங்க. அன்னைக்கு உங்களைத் தேத்துற வேலையையும் அவங்க தலையில வைக்கக் கூடாது. அதை வீட்டுல சொல்லி அழுங்க. இல்லைன்னா 14416-க்குப் போன் பண்ணுங்க, அரசோட மனநல உதவி எண், டெலி மானஸ். இலவசம், தமிழ்லயே பேசலாம். தூக்கமின்மை நீடிச்சா ஜிப்மர் மனநலப் பிரிவுக்குப் போங்க, தயங்காதீங்க.

இன்னொண்ணு, கணக்கு. ஒரு வருஷம் முடிச்ச தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதுக்கான சம்பளம், முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் சட்டப்படி உண்டு. 5 வருஷம் முடிச்சவங்களுக்கு கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, தனி. இதுல ஒரு ரூபாய் குறைஞ்சாலும் அவங்களுக்காக நீங்க சண்டை போடுங்க. பி.எஃப். கணக்குல பேர், பிறந்த தேதி சரியா இருக்கான்னும் இப்பவே பார்த்துக் குடுங்க. பின்னாடி அலைய விடறது அதுதான்.