சாமுராய் நூல்கள்: எங்கிருந்து தொடங்குவது?

அன்புள்ள ஐயா,

ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். கல்லூரி மாணவன், பள்ளி நாட்களிலிருந்தே கராத்தே கற்கிறேன். சாமுராய்கள் பற்றித் தேடிப் படிக்கிறேன். நிடோபேயின் ‘புஷிடோ’ முடிந்தது, இப்போது ‘ஹகாகுரே’. அதில் வரும் ‘சாமுராயின் வழி மரணத்தில் இருக்கிறது’ என்ற வரியை எழுதி என் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். சாவுக்கு அஞ்சாத, கைம்மாறு எதிர்பார்க்காத அந்த மனம் நமக்கு இல்லாமல் போயிற்றே என்று வருத்தமாக இருக்கிறது. அடுத்து எதைப் படிக்கலாம்? வாள்வீரர் முசாஷியின் ‘ஐந்து வளையங்கள்’ புரியாது என்கிறார்களே, உண்மையா?

க.

அன்புள்ள க.,

சுவரில் ஒட்டியிருக்கும் அந்த வரிதான் எனக்குக் கவலை தருகிறது, அதனால் முதலில் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

அதைச் சொன்ன யாமமோட்டோ சுனேடோமோ போர்க்களத்தையே பார்த்ததில்லை. பார்த்திருக்கவும் முடியாது. 1615இல் ஒசாகா கோட்டை விழுந்தது, 1638இல் ஷிமபாரா கலகம் அடங்கியது, அத்தோடு ஜப்பானில் நீண்ட அமைதி வந்துவிட்டது. இவர் பிறந்தது 1659இல். சாகா பகுதியை ஆண்ட நபேஷிமா மிட்சுஷிகே என்ற பிரபுவிடம் சேவகம் செய்தார். கவிதைப் பிரியரான அந்தப் பிரபுவுக்காகக் கியோட்டோவில் கவிதை மரபு பற்றிய ஏடுகளைத் தேடிப் பெற்றுவந்ததுதான் அவர் பெருமையாக நினைத்த பணிகளில் ஒன்று. 1700இல் பிரபு இறந்ததும் தானும் உடன் சாக விரும்பினார். ஆனால் அந்த வழக்கத்தைப் பிரபுவே தன் ஆட்சியில் தடை செய்திருந்தார், நாட்டை ஆண்ட ஷோகுன் என்ற படைத்தலைவரின் அரசும் 1663இல் நாடு முழுக்கத் தடை போட்டிருந்தது. வேறு வழியில்லாமல் துறவியாகி ஒரு குடிலில் ஒதுங்கினார். பத்து வருடம் கழித்து தாஷிரோ சுராமோட்டோ என்ற இளையவர் தேடிவந்து, அவர் பேசப்பேச எழுதிவைத்ததுதான் ஹகாகுரே.

இதைத் தெரிந்துகொண்டு அந்த வரியைப் படித்துப் பாருங்கள், அதில் ஒரு முதியவரின் ஆற்றாமை கேட்கும். உயிரைக் கொடுக்கும் வாய்ப்பே வராமல் வாழ்ந்து முடித்தவர் அவர். அதே நூலில், சபையில் கொட்டாவி வந்தால் நெற்றியை மேல்நோக்கித் தடவி அடக்கிக்கொள் என்ற யோசனையும் இருக்கிறது. திடீர் மழையில் கூரை கூரையாக ஒதுங்கி ஓடினாலும் நனையத்தான் போகிறாய், நனைவது என்று முதலிலேயே மனதைத் தயார்செய்துகொண்டால் தவிப்பு இல்லை என்ற அருமையான பகுதியும் இருக்கிறது. இத்தனையையும் விட்டுவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் உருவியெடுத்து, 1930களிலும் உலகப் போரின்போதும் உங்கள் வயதுப் பையன்களைச் சாவுக்கு அனுப்பப் பயன்படுத்தினார்கள். அந்தக் காகிதத்தை எடுத்துவிடுங்கள் என்று நேராகவே கேட்டுக்கொள்கிறேன். மழைப் பகுதியை வேண்டுமானால் ஒட்டிக்கொள்ளுங்கள்.

நிடோபே பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாமுராய் குடும்பத்தில் பிறந்தவர்தான், ஆனால் 1876இல் வாள் அணியத் தடை வந்தபோது அவருக்குப் பதின்மூன்று வயதுதான். விவசாயப் பொருளாதாரம் படித்த கிறிஸ்தவர், அமெரிக்காவில் இருந்தபோது ஆங்கிலத்தில் எழுதி 1900இல் வெளியிட்டார். ஜப்பானுக்கும் ஒரு தர்மம் உண்டு என்று மேற்கத்தியர்களுக்கு எடுத்துச்சொல்வது அவர் நோக்கம். அந்த அளவில் நல்ல புத்தகம். சாமுராய்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு அதைச் சாட்சியாகக் கூப்பிட முடியாது.

அப்படியானால் யாரைக் கூப்பிடுவது? டகேசாகி சுயேனாகாவை. 1274இல் மங்கோலியப் படை ஜப்பானின் கியூஷு தீவில் இறங்கியபோது ஐந்தே குதிரைவீரர்களோடு முன்னால் பாய்ந்தவர். குதிரை அடிபட்டு விழுந்தது, இன்னொரு படைக்குழு வந்து காப்பாற்றியது. இவ்வளவு செய்தும் தன் பெயர் மேலிடத்துக்குப் போகவில்லை என்று தெரிந்ததும் என்ன செய்தார் தெரியுமா? குதிரையையும் சேணத்தையும் விற்று வழிச்செலவுக்குப் பணம் சேர்த்து, அடுத்த வருடம் அத்தனை தூரம் பயணம் செய்து அன்றைய அரசின் தலைமையிடமான காமகுரா போய், வெகுமதி வழங்கும் பொறுப்பில் இருந்த அடாச்சி யாசுமோரியிடம் வாதாடி, நிலப் பொறுப்பும் ஒரு குதிரையும் வாங்கிக்கொண்டு திரும்பினார். இதையெல்லாம் பின்னர் படச்சுருள்களாக வரையவும் வைத்தார். அவை இன்றும் இருக்கின்றன, அவற்றில் உள்ள எழுத்துப் பகுதிக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. கைம்மாறு பார்க்காத வீரர் என்று எழுதியிருந்தீர்களே, அந்தக் காலத்துச் சாமுராய்க்கு அப்படி ஒரு எண்ணமே விளங்கியிருக்காது. போரிட்டால் நிலம் கிடைக்க வேண்டும், குடும்பம் பிழைக்க வேண்டும். அதனால் அவருடைய துணிச்சல் குறைந்துவிட்டதா? எனக்கு அவரை இன்னும் அதிகமாகத்தான் பிடிக்கிறது.

அப்புறம் கட்சு கோகிச்சி. 1802இல் பிறந்த கீழ்நிலைச் சாமுராய். சிறுவயதில் வீட்டைவிட்டு ஓடிப் பிச்சையெடுத்தார், எங்கும் அடிதடி, வேலை கிடைக்கவில்லை, வாள் வாங்கி விற்றுக் காலம் தள்ளினார். அட்டகாசம் தாங்காமல் வீட்டார் அவரைக் கூண்டில் அடைத்தே வைத்தார்கள். 1843இல், என்னைப் போல் ஆகாதீர்கள் என்று தன் சந்ததிக்காக எல்லாவற்றையும் எழுதிவைத்தார். வீரமும் வறுமையும் வெட்டிப்பெருமையும் கலந்த அந்தச் சின்ன நூலைப் போல் அக்காலத்துச் சாமுராய் தெருவை எனக்குக் காட்டிய புத்தகம் வேறு இல்லை. அவர் மகன் கட்சு கைஷுதான் 1868இல் எதிர்த்து வந்த பேரரசர் படையின் தளபதி சைகோ டகமோரியோடு பேசி எடோ நகரத்தை, அதாவது இன்றைய டோக்கியோவை, பெரும் போரில்லாமல் ஒப்படைத்தவர். லட்சக்கணக்கான மக்கள் பிழைத்தார்கள். சாகத் துணிவதற்கு எந்த வகையிலும் குறையாத வீரமாகத்தான் நான் இதைப் பார்க்கிறேன்.

முசாஷி புரியாது என்பவர்கள் அதில் தத்துவம் தேடுபவர்களாக இருக்கும். 1643இல் குமமோட்டோ அருகே ஒரு குகையில் எழுதத் தொடங்கினார். நிலம், நீர், நெருப்பு, காற்று, வெளி என்று ஐந்து சுருள்கள். பெரும்பகுதி தொழில் பாடம். வாளைப் பிடிக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் லேசாக இருக்கட்டும், நடுவிரல் இறுகவும் வேண்டாம் தளரவும் வேண்டாம், மோதிர விரலும் சுண்டுவிரலும் இறுக்கட்டும் என்கிறார். உடம்பால் பயிலாதவனுக்கு இது வெறும் வார்த்தை, நீங்களோ தினமும் பயிற்சி செய்பவர். நீர்ச் சுருளை எடுத்துக்கொண்டு போய் உங்கள் மாஸ்டரிடம் காட்டி, அடி வைப்பது பற்றியும் பார்வை பற்றியும் வரும் இடங்களைச் செய்து பாருங்கள். அறுபதுக்கு மேற்பட்ட மோதல்களில் தோற்றதில்லை என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டவர் எழுதியது, படித்து முடித்தால் போதாது. கடைசியில் வரும் வெளிச் சுருள் மிகச் சிறியது, அதை அவசரப்பட்டு முதலில் புரட்டாதீர்கள்.

முதலில் சுயேனாகா, பிறகு கோகிச்சி, அப்புறம் முசாஷி. ஹகாகுரேயைப் பாதியில் நிறுத்த வேண்டாம், முழுவதும் படியுங்கள். கோகிச்சியை முடித்ததும் எழுதுங்கள், அந்தக் கூண்டுப் பகுதி பற்றி உங்களோடு பேச வேண்டும்.

அன்புடன்.